மிட்ஃபீல்டர்கள் வாழ்க!

எங்கள் செஞ்சியில் கால்பந்து பேச ஆள் கிடைப்பது கஷ்டம். கிரிக்கெட் என்றால் டீக்கடை நிரம்பிவிடும். கபடி என்றால் சுற்றுப்பட்டு கிராமமே வண்டி கட்டிக்கொண்டு வரும். கால்பந்து என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ, அத்தோடு பேச்சு முடிந்தது. இதில் என் கேஸ் இன்னும் மோசம். எனக்குக் கோல் போடுகிறவர்கள் மேல் பெரிய மயக்கம் இல்லை. நடுவில் நின்று பந்தை வாங்கி, பக்கத்தில் இருப்பவன் காலில் வைத்துவிட்டு, நன்றி எதிர்பார்க்காமல் அடுத்த இடத்துக்கு ஓடுகிற மிட்ஃபீல்டர்தான் என் ஆள். அவரும் பெரிய கிளப்காரராக இருக்கக் கூடாது. மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று ஊர் ஊராகச் சுற்றி, வருஷத்துக்கு ஒரு சட்டை மாற்றி, முப்பது வயதில் யாருக்கும் பெயர் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறாரே, அவர்!

"அதுல என்னாண்ணே இருக்குது?" என்று உரக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்பான். அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதியே காட்டிவிடுகிறேன்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இத்தாலிக்காரர்கள். சென்னையின் எஃப்.சி. 2014-ல் தொடங்கியபோது பயிற்சியாளராக வந்து இறங்கியவர் மார்கோ மாத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அதே ஆள். அந்த ஆட்டத்தில் இத்தாலிக்குச் சமன் செய்த கோலும் அவர் தலையால் போட்டதுதான். ஆனால் என்னைக் கவர்ந்த சங்கதி வேறு. இந்த உலகச் சாம்பியன் இளமையில் மர்சாலா, த்ராபானி, கார்ப்பி என்று இத்தாலியின் கீழ்ப் பிரிவு ஊர்களில் ஆடிக் கரையேறியவர். சிசிலித் தீவின் ஓரத்தில் இருக்கிற த்ராபானியில் ஆடிய ஒரு மனுஷன் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பெர்லினில் உலகக் கோப்பையைத் தூக்குகிறார்; அப்புறம் பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் நின்று நம் பையன்களைப் பார்த்துக் கத்துகிறார்! இதைவிடப் பெரிய கதை வேண்டுமா?

அவர் பின்னாலேயே வந்தவர் மனுவேலே பிளாஸி. யுவெந்துஸ், நாப்போலி என்று ஆடி, இத்தாலியின் நீலச் சட்டையும் போட்டவர். 2015-ல் சென்னையின் அணியில் நடுக்களத் தடுப்பு வேலை அவருக்கு. ஸ்டேடியமே எலானோ ஃப்ரீ கிக் எடுப்பதையும் மென்டோஸா ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் பிளாஸியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தில் வேகம் குறைந்திருந்தது. குறைந்தால் என்ன? எதிராளி பந்தைத் தட்டப்போகும் இடத்தில் ஒரு எட்டு முன்னாலேயே போய் நின்றுகொள்வார். தட்டியவன் தலையில் கை வைப்பான். இவர் பந்தை ஓரமாக உருட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்துவிடுவார். அந்த வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தையே புனேயில் வைத்தார்கள். அப்புறம் கோவாவில் இறுதி ஆட்டம், கடைசி நேரத்தில் மென்டோஸா போட்ட கோலில் 3-2, கோப்பை நமக்கு. ஊரெல்லாம் மென்டோஸா, மென்டோஸா. சரி, அவர் கொண்டாடப்பட வேண்டியவர்தான். பிளாஸிக்கு என் சார்பில் ஒரு விசில் அடித்துக்கொண்டேன்.

இத்தாலிக் கீழ்ப் பிரிவுகளின் மேல் அதற்குப் பிறகு ஒரு பைத்தியம். அங்கே மூன்றாம் பிரிவான சீரி சி-யில் மட்டும் அறுபது கிளப். வடக்கு, நடு, தெற்கு என்று ஏறக்குறைய பூகோளப்படி மூன்று கூறாகப் பிரித்து ஆடவிடுவார்கள். அதற்கும் கீழே சீரி டி, ஒன்பது கூறு, நூற்றறுபதுக்கும் மேல் கிளப்கள். செஞ்சி அளவுள்ள ஊருக்குக்கூட ஒரு அணி, ஒரு மைதானம், சண்டை போட ஒரு பக்கத்து ஊர். இந்தக் காட்டுக்குள்ளிருந்து வந்தவர்தான் ஜோர்ஜீனியோ. பிரேசிலில் பிறந்து, பதினைந்து வயதில் இத்தாலிக்கு வந்து, வெரோனாவில் ஒரு மடத்தில் வாரத்துக்கு இருபது யூரோ கைச்செலவில் தங்கிக்கிடந்த பையன். 2010-11 சீசனில் வெரோனா அவரைச் சம்போனிஃபாச்சேஸே என்கிற நான்காம் பிரிவு அணிக்கு இரவல் கொடுத்தது. கிளப்பின் பெயரைச் சொல்வதற்குள் பஸ் போய்விடும். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2021-ல் அதே பையன் செல்சிக்காகச் சாம்பியன்ஸ் லீக், இத்தாலிக்காக ஐரோப்பியக் கோப்பை, இரண்டையும் ஒரே கோடையில் வாங்கினார். அவர் வேகமாக ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓங்கி அடித்தும் பார்த்திருக்க மாட்டீர்கள். பந்தை வாங்குவது, கொடுப்பது, விரலை நீட்டி மற்றவனுக்கு இடம் காட்டுவது, இவ்வளவுதான் வேலை. நான்காம் பிரிவிலும் அதே வேலை, வெம்பிளியிலும் அதே வேலை.

இதெல்லாம் அடுத்த வீட்டுக் கல்யாணம். நம் வீட்டுக் கல்யாணம் 2018-19-ல் நடந்தது.

அந்த ஐ-லீக் சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் குரல் ஏறிவிடும். சென்னை சிட்டி எஃப்.சி. என்கிற கிளப், பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முந்தைய சீசனில் எட்டாம் இடம். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். அவர் வெளிநாட்டு ஆட்களை எங்கே பிடித்தார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில்! அங்கே அப்போது செகுண்டா பி என்று ஒரு மூன்றாம் பிரிவு இருந்தது. நான்கு கூறு, எண்பது கிளப். அதன் கீழே தெர்சேரா, பதினெட்டுக் கூறு. இத்தாலியைப் போலவே காடு. அந்தக் காட்டில் அலைந்தவர்கள்தான் மிட்ஃபீல்டர்கள் நெஸ்டர் கோர்தியோவும் சாண்ட்ரோ ரோட்ரிகேஸும். நெஸ்டர், ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே கிடக்கும் கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸில் பிறந்தவர். முன்னால் கோல் போட உருகுவேக்காரர் பெத்ரோ மான்சி, அவரும் ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் உருண்டவர். பின்னால் எஸ்லாவா, கோல் கம்பத்தில் சந்தானா. பணத்தைக் கொட்டி ஓய்வுபெற்ற நட்சத்திரங்களை இறக்குகிற காலத்தில், யாருமே கேள்விப்படாத ஆட்களை, வயதும் பசியும் இருக்கிற ஆட்களை இந்தக் கிளப் தேடிப் பிடித்தது. அந்த ஒரு காரியத்துக்கே அவர்களுக்கு மாலை போடலாம்.

அவர்களோடு நம் பசங்க. எட்வின் சிட்னி வான்ஸ்பால், சார்லஸ் ஆனந்தராஜ், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், பிரவித்தோ ராஜு என்று ஒரு தமிழ்ப் பட்டாளம். மைதானத்தில் ஸ்பானிஷும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒரு பாஷை ஓடும். ஐ.எஸ்.எல். ஆட்டத்துக்குப் போனால் ஒலிபெருக்கியிலும் டிரம்ஸிலும் ஆட்டக்காரர் குரல் அமுங்கிவிடும். கோவையில் அப்படி இல்லை. ஓட்டப்பந்தயத் தடம் சுற்றிக் கிடக்க, கேலரி தள்ளி இருந்தாலும், கூட்டம் கொஞ்சமாக இருக்கும் சாயங்காலங்களில் "பின்னால ஆளு! பின்னால ஆளு!" என்று கத்துவது தெளிவாகக் கேட்கும். அடுத்த நொடி ஸ்பானிஷ்காரர் பந்தைத் தொடாமலேயே விட்டுத் திரும்புவார். தமிழ் புரிந்துதான் செய்தாரா என்று நானும் பக்கத்து சீட்டுப் பெரியவரும் வாதாடியிருக்கிறோம்.

நடுக்களம் எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கோட்டையைக் காட்டுவேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதில். ஒரு மலை விழுந்தாலும் மற்ற இரண்டிலிருந்து சமாளிக்கலாம். நடுவில் இருக்கும் சமவெளியில் எவன் நுழைந்தாலும் மூன்று பக்கத்துக் கண்ணும் அவன் மேல் இருக்கும். முகலாயப் படை இந்த முக்கோணத்தை உடைக்க முடியாமல் எட்டு வருஷம் போலத் திணறியது. 1698-ல்தான் உள்ளே வந்தது. மூன்று மிட்ஃபீல்டர்கள் ஆடுவதும் இதேதான். ஒருவர் பந்தோடு நின்றால் மற்ற இருவரும் அவருக்கு இரண்டு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். கோட்டை மலை தரையில் நிலையாக நிற்கும். இவர்கள் அந்த முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டே தொண்ணூறு நிமிஷம் ஓடுவார்கள், அதுதான் வித்தியாசம். எங்கள் ஊர்க் கதைப்பாட்டுகளில் ராஜா தேசிங்கையும் அவர் குதிரையையும் பற்றி விடிய விடியப் பாடுவார்கள். ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714-ல் இளம் வயதில் களத்தில் விழுந்த வீரர், பாடட்டும், பாட வேண்டியதுதான். மதில் மேல் வருஷக்கணக்கில் காவல் நின்றவனை எவரும் பாடவில்லை. மிட்ஃபீல்டருக்கும் பாட்டு இல்லை. அதனால்தான் நான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை எங்களுடையது. பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன்.)

டிவியில் மிட்ஃபீல்டரைப் பார்க்கவே முடியாது. கேமரா பந்தின் பின்னால் ஓடும். இவர் செய்யும் வேலையில் பாதி பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கோவைக்குப் போய் கேலரியின் மேல் படியில் உட்கார்ந்து நெஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கால் மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்த சேனலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்து இன்னும் தடுப்பாட்டக்காரர் காலிலேயே இருக்கும். இவர் கழுத்து ஒருமுறை இடது பக்கம், ஒருமுறை வலது பக்கம். இரண்டு எட்டு எதிராளியின் முதுகுப் பக்கமாக நகர்வார். பந்து புறப்பட்டதும் மறுபடியும் ஒரு பார்வை. வரும் பந்தை நேராக நின்று வாங்காமல் பாதி உடம்பைத் திருப்பி, பின்னங்காலில் வாங்குவார். தொட்ட அதே தொடுதலில் முகம் எதிராளியின் கோல் பக்கம் திரும்பியிருக்கும். காவலுக்கு வந்தவன் வெறும் காற்றை முட்டிக்கொண்டு போவான். அப்புறம் நாலு கெஜத்தில் ஒரு பாஸ், அவ்வளவுதான். கைதட்டல் கிடையாது. நான் மட்டும் எழுந்து நின்று தட்டுவேன். சுற்றியிருப்பவர்கள் "என்னாச்சு, ஆஃப்சைடா?" என்று கேட்பார்கள்.

சாண்ட்ரோ வேறு மாதிரி. அவரிடம் பந்து போனால் ஆட்டத்தின் வேகம் அவர் கைக்குப் போய்விடும். நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்துவார், ஓட்ட வேண்டும் என்றால் ஓட்டுவார். நவம்பரில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலோடு ஆட்டம். அந்த ஊரில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், முதல் கோலை வாங்கியது நம்மவர்கள். சாண்ட்ரோ சமன் செய்தார். கடைசிக் கட்டத்தில் கிடைத்த பெனால்டியை நெஸ்டர் உள்ளே போட்டார். 2-1! சால்ட் லேக்கில் போய் இரண்டு கீழ்ப் பிரிவு மிட்ஃபீல்டர்கள் ஈஸ்ட் பெங்காலைச் சாய்த்துவிட்டு வந்தார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மொபைலில் ஸ்கோர் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் திண்டிவனம் பஸ் கண்டக்டர் விசிலை எடுத்து ஊதிவிட்டார், வண்டி கிளம்பிவிட்டது.

இனி என் தலைவர் எட்வின். இவர் அடிப்படையில் மிட்ஃபீல்டர். அந்த சீசனில் வலது பக்கத் தடுப்பில் இறக்கினார்கள். வேறு ஒருவராக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எட்வின் என்ன செய்தார்? தடுப்பு மூலையிலிருந்தே மிட்ஃபீல்ட் ஆடினார். பந்து இடது பக்கம் இருக்கும்போது கோட்டோரம் ஒண்டிக்கொண்டிருக்காமல் நடுவே நுழைந்து நான்காவது ஆளாக நிற்பார். பந்து பறிபோனால் முதல் ஆளாகத் திரும்பி ஓடுபவரும் அவர்தான். உடம்பு பெரிய ஆகிருதி இல்லை. மோதலில் விழுவார், எழுவார், காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் நிற்பார். ஒரு அணிக்குள் பதினோரு இடம் இருக்கிறது என்றால் கோல் கம்பத்தைத் தவிர மீதிப் பத்திலும் இவரை வைத்துத் தைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பயிற்சியாளருக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

தமிழ்நாட்டு மிட்ஃபீல்டர்களுக்கு இது புதிதல்ல. தஞ்சாவூர்க்காரர் கலியா குலோத்துங்கனை மறந்துவிட்டு இதை எழுத எனக்கு மனசு வராது. 2003-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றதே, இறுதியில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை 3-1 என்று முடித்தார்களே, அந்த அணியில் நம் குலோத்துங்கன் இருந்தார். பாய்சுங் பூட்டியாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். காவிரிக் கரையிலிருந்து போய்க் கொல்கத்தா ரசிகர்களின் நெஞ்சில் இடம் பிடித்த இவர் பெயர் தஞ்சையைத் தாண்டினால் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு மும்பை எஃப்.சி. உள்படப் பல சட்டைகள் போட்டார். 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் பைக் விபத்தில் போய்விட்டார். நான் கொண்டாடிக்கொண்டிருக்கும் இந்த சீசன் தொடங்கிய அதே மாதம்.

சீசன் தொடங்கிய கதைக்கு வருகிறேன். அக்டோபர் 26, முதல் ஆட்டம், இந்தியன் ஆரோஸுக்கு எதிராக 4-1, மான்சி மூன்று. அதிலிருந்து அணி இறங்கவே இல்லை. இருபது ஆட்டத்தில் 48 கோல், அதில் மான்சிக்கு 21. மான்சியால்தான் எல்லாம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 21 பந்தும் பெட்டிக்குள் எப்படி வந்து சேர்ந்தன, கூரியரிலா? நடுவில் சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் வேறு வந்து நம் கிளப்பின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஃபெடரர் ஊர்க் கிளப் கோயம்புத்தூரில் வந்து பங்குதாரர்! இதையும் உரக்கடைத் தம்பி நம்பவில்லை.

கடைசி நாள் 2019 மார்ச் 9, சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்று, கையில் இருந்த கோப்பையைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இங்கே கோவையில் மினர்வா பஞ்சாபோடு நாம். அங்கே கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால். இரண்டும் ஒரே நேரத்தில். செஞ்சியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற பருவம். கடையில் வேலை குறைவு. முதலாளியிடம் கோவையில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை, சேலம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கல்யாணம் என்றது முழுப் பொய்யும் அல்ல.

வ.உ.சி. பூங்கா பக்கமிருந்தே கூட்டம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள், கல்லூரிப் பிள்ளைகள், முகத்தில் சாயம் பூசிய பொண்ணுங்க. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிஷம், மினர்வாவின் பிலாலா கோல் போட்டுவிட்டார். கேலரி அப்படியே அடங்கிப்போனது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டால் முடிந்தது கதை. பக்கத்தில் இருந்த திருப்பூர் அண்ணன் ஒருவர் கையில் இரண்டு போன். ஒன்றில் கோழிக்கோடு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் நான் மிட்ஃபீல்டைத்தான் பார்த்தேன். ஒரு கோல் பின்தங்கி, கோப்பை நழுவும் நிலையில், பெரும்பாலான அணிகள் பந்தைத் தூக்கித் தூக்கி முன்னால் அடிக்கும். இவர்கள் அடிக்கவில்லை! அக்டோபரில் எப்படி ஆடினார்களோ அப்படியே சின்னச் சின்ன பாஸ். எஸ்லாவாவிடம் வாங்கி எட்வினுக்கு, எட்வினிடமிருந்து சாண்ட்ரோவுக்கு, அடைத்திருந்தால் மறுபடியும் பின்னால், அப்புறம் மறுபக்கம். "அடிச்சுத் தொலைங்கடா!" என்று பின்வரிசையில் ஒருவர் கதறினார். இடைவேளைக்குப் பிறகு 56-வது நிமிஷம் பெனால்டி கிடைத்தது. மான்சி. 1-1. மனுஷனுக்குக் கை நடுங்கவில்லை, எனக்கு நடுங்கியது.

சமன் போதாது. 69-வது நிமிஷம் கௌரவ் போரா, அசாம் பையன், கோல் போடுவது அவர் வேலையே இல்லை, பின்னால் நின்று தடுக்கிற ஆள், போட்டார்! 2-1! ஏறக்குறைய அதே நேரத்தில் திருப்பூர் அண்ணன் போனை உயர்த்தி "கோகுலம் கோல்! கோகுலம் கோல்!" என்று கத்த, யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியவில்லை, யாரோ என் கன்னத்தில் சாயத்தை அப்பிவிட்டார்கள். ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. அங்கே ஒரு பெனால்டி, அப்புறம் இன்னொரு கோல், 2-1 என்று அவர்கள் முன்னால். இங்கே ஒரு கோல் வாங்கினால் கோப்பை கொல்கத்தா ரயில் ஏறிவிடும். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் சாண்ட்ரோவும் நெஸ்டரும் பந்தைக் காப்பாற்றிய விதத்தைத் தனியாக ஒரு படமாக எடுக்கலாம். மூலைக்கொடிப் பக்கம் கொண்டுபோய் முதுகைக் காட்டி நின்று, எதிராளியிடம் உதை வாங்கி, ஃப்ரீ கிக் வாங்கி, அதை எடுக்க நிதானமாக நடந்து வந்து, நடுவர் முறைக்க, மறுபடியும் நடந்து வந்து. கள்ளத்தனம்தான். நான்காம் பிரிவில் சம்பளம் வருமா வராதா என்று ஆடியவனுக்குத்தான் அந்தக் கள்ளத்தனம் கைவரும். கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்றும் போட்டுக் கணக்கை முடித்தார். 3-1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக்!

மைதானத்துக்குள் எல்லோரும் ஓடினார்கள். மான்சியைத் தூக்கினார்கள், போராவைத் தூக்கினார்கள். நான் தொண்டை கிழிய "எட்வின்! எட்வின்!" என்று கத்தினேன். கேட்டிருக்காது, பரவாயில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த வருஷமே ஐ.எஸ்.எல். தான் நாட்டின் முதல் லீக் என்று ஆசியக் கூட்டமைப்பு வகுத்த திட்டத்தில் முடிவாகி, ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. சென்னை சிட்டி இப்போது அந்த லீக்கிலும் இல்லை. நெஸ்டர் ஹைதராபாத் போனார். மான்சி, சாண்ட்ரோ எல்லோரும் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். கீழ்ப் பிரிவு ஆட்டக்காரர்களின் வாழ்க்கையே அப்படித்தான். ஒரு சீசன் அண்ணன் தம்பி, அடுத்த சீசன் எதிரெதிர்.

எட்வின் மட்டும் என்னை விடவில்லை. 2019-ல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். அந்த சீசன் தொடக்கம் படுமோசம். டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்ததும் அணி பேய் பிடித்தது போல எழுந்தது. அனிருத் தாப்பாவும் எட்வினும் கூட்டத்துக்குள் பந்தைப் பறித்து முன்னால் கொடுக்க, கிரிவெல்லாரோ, சாங்தே, வால்ஸ்கிஸ் மூவரும் கோல் மேல் கோல். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை 4-1 என்று புரட்டியெடுத்தார்கள். இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14. கொரோனாவால் ரசிகர்களையே விடாமல் காலி ஸ்டேடியத்தில் நடந்தது, ஏ.டி.கே.யிடம் 1-3. கோவை கேலரியில் நான் ரசித்த ஆள், நாட்டின் முதல் லீக்கில் இறுதி வரை ஏறிப்போன அணியின் சட்டையில்! தோல்வி எனக்குக் கசக்கவே இல்லை.

2023-ல் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஆமாம், எந்த ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியில் தோற்கடித்தாரோ அதே கிளப்! குலோத்துங்கன் போட்ட சிவப்பு-மஞ்சள் சட்டை. அவரோடு சென்னைப் பையன் நந்தகுமாரும் அங்கே சேர்ந்தார். வந்த வேகத்தில், ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக நந்தகுமார் போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்க, கொல்கத்தாவே அவர் பெயரைச் சொல்லிக் குதித்தது. காந்தி பஜாரில் ஒரு மொபைல் கடையில் அந்தக் கோலைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். உரக்கடைத் தம்பி வாயைப் பிளந்தான். "யாருண்ணே இவரு, நம்மூர் ஆளா? செம கோலு!" என்றான்.

"கோலை விடுடா. கொஞ்சம் பின்னால ஓட்டு. பந்து எங்கிருந்து வருது பாரு" என்றேன்.